வீட்டுப்பாடத்தை மறந்துவிட்டு வரும் பிள்ளைகள்: கேள்வி பதில்

தொடக்க வகுப்புகளிலும் நடுநிலை வகுப்புகளிலும் நெடுநாள் பாடம் நடத்திய ஆசிரியர் ஒருவர், பெற்றோரும் சக ஆசிரியர்களும் அனுப்பிய கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

கேள்வி: மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள், இரவில் எழுதி முடித்த நோட்டை மேசையிலேயே விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போய்விடுகிறாள். நான் கொண்டுபோய்க் கொடுக்கலாமா, பட்டால்தான் தெரியும் என்று விட்டுவிடலாமா?

பதில்: எப்போதோ ஒருமுறை என்றால் தயங்காமல் கொண்டுபோய்க் கொடுங்கள், வீட்டுச் சாவியை மறக்காத பெரியவர் யார்? அடிக்கடி நடந்தால், காலையில் அல்ல, முந்தைய இரவில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். கடைசிக் கணக்கின் விடைக்கு அடியில் கோடு போட்டுப் பேனாவை மூடியதும் குழந்தை எழுந்து ஓடிவிடும். அதைப் பொறுத்தவரை வேலை அத்துடன் முடிந்துவிட்டது. நோட்டு பைக்குள் போய் ஜிப் மூடப்பட்டால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு என்று மாற்றுங்கள். "இனி மறக்க மாட்டேன்" என்று சொல்லவைப்பதால் பயனில்லை. "இது நடந்ததும் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிவுசெய்துகொள்வது வெறும் உறுதிமொழியைவிட நன்றாகப் பலிக்கிறது என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் எழுதிய கட்டுரையில் விளக்கியிருக்கிறார். "பேனாவை மூடியதும் நோட்டைப் பையில் வைப்பேன்" என்பது அந்த வகை. பட்டால்தான் தெரியும் என்பது பாதிதான் உண்மை. திட்டு வாங்கிய குழந்தைக்குத் திட்டு நினைவிருக்கும், நோட்டு நினைவிருக்காது.

கேள்வி: நான் ஆசிரியை. வீட்டுப்பாடம் கொண்டுவராதவர்களை வகுப்புக்கு வெளியே நிற்க வைப்பது தவறா?

பதில்: தவறுதான். நேற்றைய பாடத்தை எழுதாத பிள்ளை இன்றைய பாடத்தையும் இழக்கிறது. நாளைக்கு எழுதவும் அதற்குத் தெரியாது. "ஏன் எழுதவில்லை?" என்று கேட்டால் "மறந்துவிட்டேன், மிஸ்" என்ற ஒரே பதில்தான் வரும். குறித்துக்கொள்ளவில்லையா, எழுதிவிட்டுக் கொண்டுவரவில்லையா, எழுதத் தெரியவில்லையா என்று தனியே அழைத்துக் கேளுங்கள். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. முதலாவதில் நம் பங்கும் உண்டு. மணி அடித்தபின், பிள்ளைகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது, அவசரமாகக் கரும்பலகையில் வீட்டுப்பாடத்தை எழுதிப்போட்டவள் நான். பாடவேளை முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே எழுதிப்போட்டு, ஒவ்வொருவரும் டைரியில் குறித்துவிட்டார்களா என்று வரிசைக்கிடையே நடந்து பார்த்த பிறகுதான், என் வகுப்பில் "மறந்துவிட்டேன்" என்ற சொல் குறைந்தது.

கேள்வி: ஏழாம் வகுப்பில் படிக்கும் மகன் "இன்று வீட்டுப்பாடமே இல்லை" என்கிறான், ஆசிரியரோ இருந்தது என்கிறார். பொய் சொல்கிறானா?

பதில்: முடிவுக்கு வருமுன், இரண்டு வாரம் எந்தெந்தப் பாடத்தை மறந்தான் என்று ஒரு தாளில் குறித்துவாருங்கள். எல்லாப் பாடத்திலும் கலந்து வந்தால் அது மறதி. கணக்கு மட்டுமே திரும்பத் திரும்ப வந்தால், அவனுக்குக் கணக்கு புரியவில்லை. தெரியாது என்று சொல்வதைவிட மறந்துவிட்டேன் என்பது அவனுக்கு மரியாதையாகத் தோன்றுகிறது. அப்போது பாடத்தைத்தான் சரிசெய்ய வேண்டும், பையனை அல்ல. "வீட்டுப்பாடம் உண்டா?" என்று கேட்காமல், "இன்று எழுதிய பக்கத்தைக் காட்டு" என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: எவ்வளவு நேர வீட்டுப்பாடம் நியாயமானது?

பதில்: வகுப்புக்குப் பத்து நிமிடம் என்ற கணக்கை அமெரிக்க ஆய்வாளர் ஹாரிஸ் கூப்பர் ஆதரிக்கிறார், மூன்றாம் வகுப்புக்கு 30 நிமிடம். அதற்கு மேல் போனால் ஆசிரியரிடம் பேசுங்கள்.

கேள்வி: மகன் மறந்த நாளில் அவன் சார்பில் நானே ஆசிரியரிடம் மன்னிப்புக் கேட்கலாமா?

பதில்: வேண்டாம். ஆசிரியர் கேட்பதற்கு முன்பே அவனே போய், எதை மறந்தான், அது எங்கே இருக்கிறது, எப்போது தருவான் என்ற மூன்றையும் சொல்லட்டும். முதல்முறை குரல் நடுங்கும். வீட்டில் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுப் போனால் போதும்.