பாலத்தடியில் ஒரு முகம்

வணக்கம்.

நான் தினமும் வேலைக்குப் போகும் வழியில் ஒரு மேம்பாலம் இருக்கிறது. அதன் தூண் ஒன்றில் ஒருநாள் காலையில் ஒரு வயதான பெண்ணின் முகம் வந்திருந்தது. என்னைவிட உயரம். வரைந்தவரின் பெயரும் இல்லை, கையெழுத்தும் இல்லை. மூன்று மாதம் போகவும் வரவும் பார்த்தேன். பிறகு ஒருநாள் வெள்ளையடித்துவிட்டார்கள். அதற்கப்புறம்தான் எனக்கு ஓவியத்தின் மேல் ஆர்வம் வந்தது. இன்று வரைந்துகொண்டிருக்கும் ஓவியர்கள், தெரு ஓவியர்கள் என்று இணையத்தில் தேடித் தேடி ஏறக்குறைய நானூறு பேரைப் பின்தொடர்கிறேன். எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரவு படுக்கும்போது ஒன்றுகூட நினைவில் இல்லை. அந்த முகம் மட்டும் இருக்கிறது. மனதைத் தொடும் ஓவியர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு பட்டியல் தர முடியுமா? அப்புறம், அழிக்கப்படும் என்று தெரிந்தே வரைவதை நாம் எப்படி எடுத்துக்கொள்வது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சில பெயர்கள் சொல்கிறேன். பட்டியலாகத் தர மாட்டேன். நானூறு பேர் ஏற்கெனவே உங்கள் கைபேசியில் இருக்கிறார்கள். நான் பத்துப் பேரைச் சேர்த்தால் நானூற்றுப் பத்து ஆகும், அவ்வளவுதான்.

அந்த முகம் ஏன் நின்றது என்று முதலில் பார்ப்போம். மூன்று மாதம் என்றால் வேலை நாட்களை மட்டும் எண்ணினாலும் போக வர நூறு தடவைக்கு மேல் பார்த்திருக்கிறீர்கள். காலை வெளிச்சத்தில் ஒரு மாதிரி, விளக்கு போட்ட பிறகு ஒரு மாதிரி, தூண் நனைந்திருந்த நாளில் வேறு மாதிரி. கழுத்தைத் தூக்கித்தான் பார்க்க வேண்டியிருந்திருக்கும். மனம் சரியில்லாத நாளிலும் அது அங்கேயே இருந்தது. கைபேசியில் வருவதெல்லாம் உள்ளங்கை அளவு. பத்து மாடிச் சுவரும் தபால்தலையும் அங்கே ஒரே அளவுதான். ஒன்றைப் பார்த்து முடிப்பதற்குள் விரல் அடுத்ததற்குப் போய்விடுகிறது. அந்த நானூறு பேரில் அருமையான ஓவியர்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட நீங்கள் அந்த நூறு தடவையைக் கொடுக்கவில்லை.

எனக்கும் இப்படி ஒரு காலம் இருந்தது. படங்களைச் சேமித்துக்கொண்டே போனேன், திறந்து பார்த்ததே இல்லை. அதிலிருந்து என்னை வெளியே கொண்டுவந்தது ஒரு சின்னப் பழக்கம். ஒரு படத்தை எடுத்து ஐந்து நிமிடம் பார்ப்பேன். பிறகு அதை மூடிவிட்டு, ஒரு நோட்டில் நினைவிலிருந்து கோடாக வரைவேன். எனக்கு வரையத் தெரியாது, அது தேவையும் இல்லை. வரையும்போதுதான் எதையெல்லாம் பார்க்கவில்லை என்று தெரியும். கை எங்கே இருந்தது? வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது? திரும்பத் திறந்து பார்த்தால் முதல் தடவை கண்ணில் படாதது எல்லாம் தெரியும். வாரத்துக்கு ஒரே ஒரு ஓவியர் போதும். ஒரே படத்தோடு ஏழு நாளும் போனாலும் சரிதான்.

அடுத்தது, எப்படி வரைந்திருப்பார்கள் என்று கேட்டுப் பார்ப்பது. தெரு ஓவியத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் சுவரிலேயே இருக்கும். ஓரங்கள் புகைபோலக் கரைந்திருந்தால் ஸ்பிரே. கத்தியால் வெட்டியதுபோல இருந்து, நடுநடுவே மெல்லிய இடைவெளிப் பட்டைகள் தெரிந்தால் ஸ்டென்சில், அதாவது உருவத்தை அட்டையில் வெட்டி அதன் வழியே நிறம் அடிப்பது. அட்டையில் வெட்டும்போது உள்ளே இருக்கும் துண்டு விழுந்துவிடாமல் பிடித்துக்கொள்ள அந்தப் பட்டைகள் வேண்டும். சுவர் முழுக்க நிரப்பியிருந்தால் ரோலர். நீளக் கழியின் நுனியில் ரோலரைக் கட்டிக்கொண்டு தரையிலிருந்தே வரைபவர்கள் உண்டு. சில பெரிய சுவர்களின் மூலையில் அர்த்தமில்லாத எழுத்துகளும் கிறுக்கல்களும் மிச்சமிருக்கும். அவை அளவுக் குறிகள். முதலில் சுவர் முழுக்கக் கன்னாபின்னாவென்று கிறுக்கி, அதைப் படம் எடுத்து, கைபேசியில் அதன் மேல் தன் ஓவியத்தை வைத்துப் பார்ப்பார்கள். எந்தக் கிறுக்கலுக்குப் பக்கத்தில் கண் வர வேண்டும், எங்கே தாடை முடிய வேண்டும் என்று அதிலிருந்து தெரிந்துவிடும். இவ்வளவு பெரிய முகம் கோணாமல் வருவதன் ரகசியம் இதுதான். இது தெரிந்த நாளிலிருந்து நான் சுவர்களின் மூலைகளைத்தான் முதலில் பார்க்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது வழி. ஒரு ஓவியரைப் பிடித்துக்கொண்டு, அவர் யாரைப் பார்த்துக் கற்றார் என்று பின்னால் போவது.

அமெரிக்க ஓவியர் கீத் ஹேரிங்கை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தடித்த கோட்டில் ஊர்ந்து போகும் குழந்தை, குரைக்கும் நாய். 1980 முதல் 1985 வரை நியூயார்க்கின் சுரங்க ரயில் நிலையங்களில் அவர் வரைந்தார். விளம்பரக் காலம் முடிந்த பலகைகளைக் கறுப்புத் தாள் ஒட்டி மூடிவைப்பார்கள். அந்தத் தாளில் வெள்ளைச் சாக்பீஸால் வரைவார். அடுத்த விளம்பரம் வந்ததும் போய்விடும். போலீஸ் பிடித்து அபராதம் போட்டதும் உண்டு. சாக்பீஸ் கோட்டை அழித்துத் திருத்த நேரமில்லை, ஒரே இழுப்பில் வர வேண்டும். அந்த வேகம்தான் அவருடைய பாணி.

இந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஒரு கண்காட்சிக்கு வந்து சேர்வீர்கள். 1977இல், 19 வயதில், பெல்ஜிய ஓவியர் பியர் அலெஷின்ஸ்கியின் படங்களை ஹேரிங் அங்கே பார்த்தார். தான் தனியாகக் கிறுக்கிக்கொண்டிருந்த சின்னச் சின்ன வடிவங்களை ஒருவர் இவ்வளவு பெரிதாக, இவ்வளவு துணிச்சலாகச் செய்திருக்கிறாரே என்று அவருக்குப் பெரும் நம்பிக்கை வந்தது. சரி, அலெஷின்ஸ்கி யாரிடம் கற்றார்? அவர் 1955இல் ஜப்பானுக்குப் போய், அங்கே தூரிகையால் எழுத்தெழுதும் கலைஞர்களைப் பற்றி ஒரு ஆவணப்படமே எடுத்தார். தாளைத் தரையில் விரித்து, குனிந்து நின்று, கை முழுதும் அசையும்படி வரைவது சீன ஓவியர் வாலஸ் டிங்கிடம் அவர் பார்த்துக் கற்றது. சுரங்க ரயில் நிலையத்துச் சாக்பீஸ் கோட்டிலிருந்து கிளம்பி, கீழை நாட்டு எழுத்துக் கலைக்கு வந்துவிட்டோம். வழியில் மூன்று ஓவியர்கள் கிடைத்தார்கள். மூவரையும் உங்களால் மறக்க முடியாது, ஏனென்றால் ஒருவரை ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

எந்த நூலைப் பிடித்து இழுத்தாலும் இப்படித்தான் வரும். பிரிட்டிஷ் தெரு ஓவியர் பேங்ஸியின் எலிகளைப் பிடித்தால், 1981இல் பாரிஸ் சுவர்களில் ஸ்டென்சில் எலிகளை விட்ட பிளெக் ல ராவிடம் போய்ச் சேர்வீர்கள். பிளெக்குக்கு அந்த ஆசையை மூட்டியது அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பு நியூயார்க்கில் பார்த்த கிராஃபிட்டி, அதாவது சுவர்க் கிறுக்கல்கள்.

ஓவியர் மட்டும் போதாது, இடத்தையும் பாருங்கள். எல் சீட் என்பவர் 2016இல் கெய்ரோவில், நகரத்தின் குப்பையைச் சேகரித்துப் பிரிக்கும் மக்கள் வாழும் பகுதியில், ஏறக்குறைய ஐம்பது கட்டடங்களின் மேல் ஒரே வாக்கியத்தை அரபு எழுத்தில் வரைந்தார். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வளைவு, ஒரு துண்டு நிறம் மட்டும் தெரியும். பக்கத்து மொகத்தம் குன்றில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்றால்தான் துண்டுகள் எல்லாம் சேர்ந்து வட்டமாக ஒரு வாக்கியம் ஆகும். சூரிய ஒளியைத் தெளிவாகப் பார்க்க விரும்புபவன் முதலில் தன் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு பழைய காப்டிக் (எகிப்தியக் கிறித்தவ) ஆயர் சொன்னது அது. நகரமே அழுக்கானவர்கள் என்று ஒதுக்கிவைத்த மக்களின் வீடுகளில் அதை எழுதினார். வேறு ஊரில் ஒரு மாளிகைச் சுவரில் எழுதியிருந்தால் அது வெறும் பொன்மொழி.

தெரு ஓவியத்தோடு நின்றுவிடவும் வேண்டாம். கானாவில் பிறந்து நைஜீரியாவில் பல்லாண்டுகள் வேலை செய்த எல் அனாட்சுயியின் படைப்புகளைத் தேடிப் பாருங்கள். மதுப்புட்டிகளின் உலோக மூடிகளைத் தட்டி, மடித்து, செம்புக் கம்பியால் ஆயிரக்கணக்கில் கோத்து, சுவர் நிறைக்கும் திரைச்சீலைபோலத் தொங்கவிடுகிறார். எப்படி மடித்துத் தொங்கவிட வேண்டும் என்று அவர் கட்டளை எதுவும் போடுவதில்லை. மாட்டுகிறவர்களிடம் விட்டுவிடுகிறார். அதனால் ஒரே படைப்பு ஒவ்வொரு இடத்திலும் வேறு உருவத்தில் இருக்கிறது. உங்கள் தூணில் அந்த முகம் வெளிச்சத்துக்கு ஏற்ப மாறியதே, அதை நினைத்துக்கொண்டு இதைப் பாருங்கள்.

இனி அழிவதைப் பற்றிய உங்கள் கேள்வி. இதற்கு எனக்கு ஒரே பதில் இல்லை. இரண்டு சம்பவங்கள் என்னை இரண்டு பக்கம் இழுக்கின்றன.

நியூயார்க்கில் ஃபைவ் பாயின்ட்ஸ் என்ற பழைய தொழிற்சாலைக் கட்டடம் இருந்தது. உரிமையாளரின் அனுமதியோடு பல ஆண்டுகள் ஓவியர்கள் அதை நிறைத்திருந்தார்கள். 2013 நவம்பரில் ஒரே இரவில் அவரே வெள்ளையடிக்க வைத்தார். 21 ஓவியர்கள் வழக்குப் போட்டார்கள். 2018இல் நீதிபதி 45 ஓவியங்களுக்கு 67.5 லட்சம் டாலர் இழப்பீடு தரச் சொன்னார், மேல்முறையீட்டிலும் அது நின்றது. கட்டடம் உங்களுடையது என்றாலும் அதன் மேல் இருக்கும் ஓவியத்தை நினைத்தபடி அழித்துவிட முடியாது என்று ஒரு நீதிமன்றம் சொன்னது. அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

அப்புறம் இத்தாலிய ஓவியர் ப்ளூ. 2016இல் பொலோனியாவில், தெருச் சுவர்களிலிருந்து ஓவியங்களைப் பெயர்த்தெடுத்து ஒரு கண்காட்சி வைக்க ஏற்பாடு நடந்தது. மக்களுக்காகத் தெருவில் வரைந்ததைச் சீட்டு வாங்கிப் பார்க்கும் பொருளாக்குவதா என்று கோபப்பட்டு, அந்த நகரத்தில் இருபது ஆண்டுகளாகத் தான் வரைந்த சுவர்களைத் தானே சாம்பல் நிறம் அடித்து மூடினார். உள்ளூர் மக்களும் சேர்ந்து அடித்தார்கள். அந்த முடிவை ஏற்க எனக்குப் பல நாள் ஆனது. இருபது ஆண்டு உழைப்பு! ஆனாலும் இப்போது அவர் பக்கம்தான் நிற்கிறேன். தெருவை விட்டு எடுத்த பிறகு அது அவர் வரைந்த ஓவியமாக இருக்காது என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கைக்காகத் தன் கையாலேயே இழந்தார்.

ஆகவே உங்கள் தூணில் வெள்ளையடித்ததை நியாயப்படுத்த மாட்டேன். வரைந்தவரைக் கேட்டிருப்பார்களா என்பது சந்தேகம்தான். ஆனால் அழிந்தது என்பதற்காக அந்த ஓவியத்தின் மதிப்பில் எதுவும் குறைந்துவிடவில்லை. ஹேரிங்கின் சாக்பீஸ் ஓவியங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. வரைந்து முடித்ததும் அவர் தன் நண்பர் செங் க்வோங் ச்சிக்கு எங்கே வரைந்தேன் என்று சொல்வார், நண்பர் போய்ப் படம் எடுப்பார். அந்தப் புகைப்படங்கள் வழியாகத்தான் பலவும் நமக்கு வந்து சேர்ந்தன. எங்கோ ஒருவர் ஓடிப்போய்ப் படம் எடுத்திருக்க வேண்டியிருக்கிறது.

நீங்கள் எடுத்தீர்களா? ஒன்றாவது இருந்தால், அதை வைத்து வரைந்தவரைத் தேடலாம். அந்த வட்டாரத்தில் வேறு சுவர்களில் அதே கை இருக்கிறதா பாருங்கள். முகத்தின் சுருக்கங்களை எப்படி இழுத்திருக்கிறார் என்பதே கையெழுத்து மாதிரிதான். பக்கத்தில் கடை வைத்திருப்பவர்கள், இரவுக் காவலர்கள் அவர் வரைந்ததைப் பார்த்திருக்கலாம், அவர்களைக் கேளுங்கள். கண்டுபிடித்தால் அவரிடம் நேரே கேளுங்கள், நீங்கள் யாரைப் பார்த்து வரையத் தொடங்கினீர்கள் என்று. அவர் சொல்லும் பெயர்தான் உங்களுக்கு அடுத்த ஓவியர்.

படம் எடுக்கவில்லை என்றால் இன்றிரவே ஒரு நோட்டை எடுத்து அந்த முகத்தை வரையுங்கள். நூறு தடவை பார்த்தவர் நீங்கள், வரும். கடிதத்தில் ஒன்றை நீங்கள் எழுதவில்லை, படித்ததிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவள் கண்கள் திறந்திருந்தனவா, மூடியிருந்தனவா? எழுதுங்கள்.