குண்டுக் காயத்தின் அளவை வைத்து எந்தப் பக்கத்திலிருந்து சுட்டார்கள் என்று சொல்ல முடியுமா?

சிறிய துளை குண்டு நுழைந்த இடம், பெரிய துளை வெளியேறிய இடம் என்பது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டியவர் ஒருவரின் மருத்துவக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டே கேட்கிறீர்கள் என்று எண்ணுவதால் நேராகச் சொல்கிறேன்: அளவை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது. சட்ட மருத்துவத் துறையில் இருக்கும் நான், இந்த நம்பிக்கையால் ஒரு வழக்கே திசைமாற இருந்ததை அருகிலிருந்து கண்டவன்.

மார்பில் சிறு கீறல் போன்ற துளையும் முதுகில் கிழிந்த பெரிய காயமுமாக ஓர் இளைஞர் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார். முதலில் பார்த்த மருத்துவர், குண்டு மார்பில் நுழைந்து முதுகில் வெளியேறியதாக எழுதிவிட்டார். எதிரே தாக்க வந்தவரைத் தற்காப்புக்காகச் சுட்டேன் என்றவருக்கு அந்த ஒரு வரியே போதுமானதாக இருந்தது. அறுவை அரங்கிற்குக் கொண்டுசெல்லும் முன் கிடைத்த சில நிமிடங்களில், அளவுகோலை வைத்துக் காயங்களைப் படமெடுத்தேன். முதுகுக் காயத்தின் விளிம்பில் ஒழுங்கற்ற சிராய்ப்பும் உள்ளே நுண்ணிய மரச் சிராய்களும் இருந்தன. மார்புக் காயத்திலோ சிராய்ப்பே இல்லை, அதன் விளிம்புகள் தோல் குறையாமல் ஒன்றோடொன்று பொருந்தின. முதுகே குண்டு நுழைந்த இடம், மார்பு வெளியேறிய இடம் என்பதற்கான அடையாளங்கள் இவை. ஓடிப்போய்க் கதவைச் சாத்தியவரின் முதுகில், கதவைத் துளைத்து நிலைகுலைந்த குண்டு பக்கவாட்டில் பாய்ந்திருந்தது. கரியும் வெடிமருந்துத் துகள்களும் கதவிலேயே தங்கிவிட்டதால், சுட்ட தூரத்தைத் தோலிலிருந்து கணிக்க வழியில்லை.

இதை உறுதிப்படுத்தியது அவருடைய சட்டை. பணியிலிருந்த செவிலியர் துளையின் வழியே கத்தரிக்காமல் தையலோரமாகக் கத்தரித்து, உலரவைத்து, ஈரம் தங்கி அழுகிவிடாதபடி காகிதப் பையில் வைத்திருந்தார். அவரை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். ஏனென்றால் பல இடங்களில் அந்தத் துணி குப்பைக்கே போகிறது; தோலில் படிந்த கரியும் கழுவும்போதே போய்விடுகிறது.

உயிர் போய்க்கொண்டிருக்கும்போது தடயம் பார்க்கச் சொல்கிறாயா என்று சிகிச்சை மருத்துவர்கள் கோபிக்கலாம். ஒரு நொடியும் தாமதிக்கச் சொல்லவில்லை. 1963 நவம்பர் 22 அன்று சுடப்பட்ட அமெரிக்க அதிபர் கென்னடியின் தொண்டையிலிருந்த குண்டுக் காயத்தின் வழியாகவே மூச்சுக்குழாயைத் திறந்தார்கள்; உயிர் காக்க அது சரியான செயல்தான். ஆனால் அன்றிரவு உடற்கூறாய்வு செய்தவர்களுக்கு, அங்கே குண்டுக் காயம் இருந்த செய்தி மறுநாள் தொலைபேசியில் பேசிய பிறகே தெரிந்தது. நான் வேண்டுவது, கத்தி வைக்கும் முன் ஒரு படமும், நுழைவு, வெளியேற்றம் என்று ஊகிக்காமல் காயத்தின் இடம், அளவு, விளிம்பு ஆகியவற்றை எழுதும் நான்கு வரிகளும்தான். நீதிமன்றத்தில் அந்த முதல் குறிப்பைக் காட்டித்தான் எங்களைக் குறுக்கு விசாரணை செய்கிறார்கள்.

உங்களிடம் இருப்பது முதல் குறிப்பு மட்டுமானால் அதை முடிவாகக் கொள்ளாதீர்கள். அறுவை சிகிச்சைக் குறிப்பு, எக்ஸ்ரே படங்கள், அன்று அணிந்திருந்த உடை ஆகியவற்றைச் சட்ட மருத்துவர் பார்க்கும்படி வழக்கறிஞர் மூலம் கேளுங்கள். உடையை மட்டும் துவைத்துவிடாதீர்கள்.