வெறும் தயாரிப்பாளர் (கடிதம்)

வணக்கம் ஐயா,

நீங்கள் ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் குறிப்பிட்டிருந்த பிரெஞ்சுப் பாடகர் மிஷேல் பெர்ஜேயைத் தேடிக் கேட்டேன். நல்ல பாட்டுகளையெல்லாம் பாடகி பிரான்ஸ் கால் போன்ற பெண்களுக்கே கொடுத்துவிட்டு, காதலி வெரோனிக் சான்சோன் தானே எழுதிப் பாடிய ஆல்பங்களுக்கு வெறும் தயாரிப்பாளராகப் பின்னால் நின்றுவிட்டார். இது தியாகமா, தோல்வியா? சான்சோன் அவரை விட்டுப் போனதுதான் காரணமா? எந்த ஆல்பத்தில் தொடங்கலாம்?

க.

அன்புள்ள க.,

அந்த ‘வெறும்’ என்ற சொல்லுக்காகத்தான் இந்தப் பதில்.

சான்சோன் அவரை விட்டு ஏன் அமெரிக்கா போனார் என்பதை விடுங்கள், அது அவர்கள் பாடு. தோல்வி என்பதும் தப்பு. 1978இல் ‘ஸ்டார்மானியா’ என்ற ராக் ஓபராவுக்கு, அதாவது ராக் பாட்டுகளாலான மேடை நாடகத்துக்கு, இசையமைத்தவர், 1980இல் தன் குரலிலேயே பெரிய வெற்றி கண்டவர். தியாகமாம்! யாராவது பின்னால் நின்றால் உடனே மாலை போட்டுவிடுவோம்.

நமக்குத் தயாரிப்பாளர் என்றால் சினிமாவுக்குப் பணம் போடுகிறவர். இசைத்தட்டுத் தயாரிப்பாளர் வேறு ஆள். இந்தக் குரலுக்கு எந்தப் பாட்டு, பியானோ மட்டும் போதுமா, பத்துத் தடவை பாடியதில் எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்கிறவர். சினிமாக் கணக்கில் சொன்னால் இயக்குநர்.

1973இல் பாடகி பிரான்சுவாஸ் ஆர்திக்கு பெர்ஜே செய்த ‘மெஸாஜ் பெர்சொனெல்’ (தனிப்பட்ட செய்தி) பாட்டைக் கேளுங்கள். ஆர்தியின் குரல் சின்னது, மூச்சுக் கலந்தது. அதை உரக்கப் பாடவைக்க அவர் மெனக்கெடவில்லை. முதலில் வெறும் பேச்சு, தொலைபேசியில் பேசுவதுபோல. அந்த வரிகளை ஆர்தியே எழுதினார். தயங்கித் தயங்கிப் பேசி, இனிப் பேச முடியாது என்கிற இடத்தில்தான் பெர்ஜே எழுதிய பாட்டு தொடங்குகிறது. பிரெஞ்சிலும் நம்மைப்போல ‘நீங்கள்’, ‘நீ’ உண்டு. பேச்சில் பெரும்பாலும் ‘நீங்கள்’, கடைசியில்தான் ‘நீ’ தலைகாட்டுகிறது. பாட்டு தொடங்கியதும் முழுக்க ‘நீ’. ‘நீங்கள்’ ‘நீ’யாக எத்தனை நாள் ஆகும் என்று தமிழனுக்குச் சொல்லவா வேண்டும்? அதை ஒரு மூச்சில் கடக்கவைக்கிறார். இதுவா ‘வெறும்’?

எனக்கு இது பாதிப் பிரெஞ்சு தெரிந்த காலத்தில் விளங்கியது. 1992 ஆகஸ்ட். பாரிஸில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். 2ஆம் தேதி தெற்கே ரமத்துவெலில் டென்னிஸ் ஆடிவிட்டு வந்த பெர்ஜே மாரடைப்பில் இறந்துபோனார். வயது 44. மறுநாள் சமையலறை வானொலியில் அவர் பாட்டுகள்தான் ஓடின. நாள் முழுக்கக் கத்துகிற சமையற்காரர் அன்று வாயே திறக்கவில்லை. ஒரு பெண் குரல் மெதுவாகப் பேசத் தொடங்கியதும், குழாயை மூடு என்று எனக்குக் கையால் காட்டினார். முழங்கைவரை நுரையோடு நின்றேன். அவள் சொன்னதில் பாதி புரியவில்லை. ஆனால் ‘நீங்கள்’ ‘நீ’யான இடம் சட்டென்று காதில் விழுந்தது. அந்தச் சமையலறையில் எல்லோரும் என்னை ‘நீ’ என்பார்கள், நான் எல்லோரையும் ‘நீங்கள்’ என்பேன். என் காது வேறெதற்கும் அவ்வளவு பழகியிருக்கவில்லை.

பாட்டு முடிந்தது. சமையற்காரர் தானே வந்து குழாயைத் திறந்துவிட்டு, “தட்டுகளைப் பாருங்கள்” என்றார்.