லேசரா, டயல் கேஜா? கப்ளிங் அலைன்மென்ட் கேள்விகளுக்குப் பதில்கள்

மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 நெருங்கினாலே பம்ப் வேலையும் ஆலை வேலையும் ஒன்றாகக் குவிந்துவிடும். மோட்டார் ஷாஃப்ட்டும் (சுழலும் தண்டு) பம்ப் ஷாஃப்ட்டும் கப்ளிங் என்ற இணைப்பில் ஒரே நேர்க்கோட்டில் நிற்கின்றனவா என்று பார்ப்பதுதான் அலைன்மென்ட். அதைப் பற்றி அதற்கு முன் வந்த கேள்விகளுக்கு, எனக்குத் தெரிந்த வரை பதில் சொல்கிறேன்.

மன்னார்குடி பக்கம், அரிசி ஆலை: அண்ணே, பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப்பை லேசரில் பார்த்தவர், மோட்டார் 0.07 மி.மீ. தாழ்ந்திருக்கிறது என்றார். நான் டயல் கேஜ் (முனை அழுந்துவதை முள்ளால் காட்டும் அளவி) வைத்துப் பார்த்தேன். மேலே பூஜ்யம், கீழே மைனஸ் 0.20. பாதி போட்டால் 0.10 வருகிறது. யார் கணக்கு தப்பு?

பாதி போட்டது சரிதான் தம்பி. ஷாஃப்ட் எவ்வளவு விலகியிருக்கிறதோ, அதைப்போல இரண்டு மடங்கை டயல் காட்டும். விட்டுப்போனது கம்பித் தொய்வு. டயலைத் தாங்கும் கம்பி தன் எடையிலேயே தொங்கும். மேலே இருக்கும்போது டயல் ஹப்பின் (ஷாஃப்ட்டில் பொருந்திய கப்ளிங் பாதி) மேல் அழுந்தும், கீழே போனால் ஹப்பை விட்டு விலகும். அதனால் கப்ளிங் நேராகவே இருந்தாலும் கீழே மைனஸ்தான் வரும்.

தொய்வை அளக்க ஒரு தடித்த இரும்புக் குழாய் போதும். அதே பிராக்கெட் (கம்பியைப் பிடிக்கும் தாங்கி), அதே கம்பி, அதே நீளத்தில் குழாயில் கட்டுங்கள். மேலே பூஜ்யம் வைத்து, குழாயோடு சேர்த்துக் கீழே திருப்புங்கள். மைனஸ் 0.06 வந்ததென்று வையுங்கள். 0.20-ல் 0.06 போனால் 0.14. அதில் பாதி 0.07. லேசர்காரர் சொன்ன அதே எண்! (பிராக்கெட் மோட்டார் பக்கம், டயல் முனை பம்ப் ஹப்பில் என்றால்தான் கீழே மைனஸ் என்பது மோட்டார் தாழ்வு. மாற்றிக் கட்டினால் அர்த்தமும் மாறிவிடும்.)

இன்னொன்று. இடது, வலது ரீடிங் இரண்டையும் கூட்டினால், மேல், கீழ் கூட்டிய எண்ணே வர வேண்டும். அதிகம் வித்தியாசப்பட்டால் பிராக்கெட் தளர்ந்திருக்கும். அந்த ரீடிங்கை நம்பி ஷிம் (மோட்டார் காலடியில் வைக்கும் மெல்லிய தகடு) வெட்டாதீர்கள்.

அவரே: அப்படியென்றால் 0.07 ஏற்றிவிடவா?

பொறுங்கள். அது சுடுதண்ணீர் பம்ப். 300 மி.மீ. உயர வார்ப்பிரும்பு உடம்பு 40 டிகிரி சூடேறினால் சுமார் 0.13 மி.மீ. வளரும். மோட்டாரும் ஓடினால் கொஞ்சம் வளரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டு, குளிர்ந்த நிலையில் மோட்டாரை அவ்வளவு கூடுதலாகவே ஏற்றி வைக்க வேண்டும். லேசர் கருவியிலும் இந்த எண்ணை நாம்தான் போட வேண்டும், அதுவாகத் தெரிந்துகொள்ளாது.

திருத்துறைப்பூண்டி, வாய்க்கால் கரை டீசல் என்ஜின் பம்ப்: கப்ளிங் ரப்பர் அடிக்கடி கிழிகிறது. லேசர்காரரைக் கூப்பிடலாமா?

வேண்டாம் ஐயா, காசு வீண். முதலில் டெலிவரி குழாயின் ஃபிளாஞ்ச் போல்ட்டுகளைக் கழற்றுங்கள். குழாய் ஒரு பக்கம் துள்ளி விலகினால் அதுதான் பம்ப்பை இழுத்துக்கொண்டிருக்கிறது. நம் களிமண் கோடையில் வெடிக்கும், மழையில் ஊதும். பம்ப்புக்குக் கரையில் போட்ட அடித்தளக் கட்டை அதோடு சேர்ந்து அசையும். குழாய்க்குத் தனியாகத் தாங்கல் கொடுத்துவிட்டு, கப்ளிங் மேல் நேர்க்கோல் வைத்து, ஃபீலர் கேஜில் (இடைவெளியில் நுழைத்து அளக்கும் மெல்லிய தகடுகள்) நாலு பக்கமும் இடைவெளி பாருங்கள். இந்த செட்டுக்கு அது போதும்.

கும்பகோணம், பராமரிப்புப் பிரிவு: சார், லேசரில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் வருகிறது. கருவி கெட்டுவிட்டதா?

மோட்டார் கால்களைப் பார்த்தீர்களா? போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, அந்தக் கால் அருகே டயல் வையுங்கள். 0.05-க்கு மேல் எழும்பினால் அந்தக் கால் சரியாக உட்காரவில்லை. அதைச் சரிசெய்யாமல் எந்தக் கருவியும் ஒரே எண்ணைச் சொல்லாது. அப்புறம் கப்ளிங்கில் ஆட்டம் இருந்தால் ஒரே திசையில் மட்டும் திருப்புங்கள். பாய்லர் பக்கத்துச் சூடான காற்று ஒளிக்கற்றையை வளைக்கும், நேர் வெயிலும் ஆகாது.

தஞ்சாவூர், ஐடிஐ மாணவர்: எதை முதலில் கற்க வேண்டும் அண்ணா?

டயல். பேப்பரில் வட்டம் போட்டு நாலு எண் எழுதி, மோட்டார் எந்தப் பக்கம் நிற்கிறது என்று சொல்லப் பழகுங்கள். லேசரின் பலம் உண்மையானது. கால் வட்டம்கூடத் திருப்ப முடியாத இடத்திலும் அளக்கும், மோட்டாரை நகர்த்தும்போதே எண் மாறுவதைக் காட்டும், இரண்டு மீட்டர் நீள ஸ்பேசர் (இரண்டு ஹப்புக்கும் நடுவில் வரும் இணைப்புத் துண்டு) இருந்தாலும் கம்பித் தொய்வுத் தொல்லை இல்லை. அந்த மாதிரி வேலைக்கு நானே லேசரைத்தான் கேட்பேன். ஆனால் யாரோ தப்பான அளவைக் கருவியில் ஏற்றிவிட்டால், திரையில் வரும் எண் தப்பு என்று டயல் படித்தவனுக்குத்தான் சந்தேகம் வரும்.

நீடாமங்கலம்: பெல்ட்டில் ஓடும் ஹல்லருக்கும் (நெல் உமி நீக்கும் இயந்திரம்) இதெல்லாம் வேண்டுமா?

வேண்டாம். இரண்டு புல்லிகளின் முகத்திலும் ஒரு நூலை இழுத்துப் பிடித்து, நாலு இடத்திலும் தொடுகிறதா என்று பாருங்கள். முக விளிம்பின் தடிமன் இரண்டிலும் வேறாக இருந்தால் அந்த வித்தியாசத்தை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள்.