மாதம் 20% வாய்ப்பு என்றால் ஐந்து மாதத்தில் கரு நிற்பது உறுதிதானே?

உறுதி இல்லைங்க. சதவீதங்களை அப்படிக் கூட்ட முடியாது. ஒரு மாதம் கரு நிற்காமல் போக 80% வாய்ப்பு, அதாவது 0.8; ஐந்து மாதமும் நிற்காமல் போக அந்த 0.8-ஐ ஐந்து முறை பெருக்கணும். சுமார் 33% வரும். மூன்றில் ஒரு ஜோடி ஐந்து மாதம் தாண்டியும் காத்திருக்கும், ஒரு குறையும் இல்லாமலேயே.

"ஆறு மாதம் ஆச்சு, இனி வாய்ப்பு குறைஞ்சுகிட்டே போகுமாமே" என்றும் கேட்டிருக்கிறீர்கள். உயிரிப் புள்ளியியல் படித்தவள் நான். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாகணும். எல்லோருக்கும் ஒரே வாய்ப்பு கிடையாது. நூறு ஜோடியில் ஐம்பது பேருக்கு மாதம் 30%, மற்ற ஐம்பது பேருக்கு 5% என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதச் சராசரி 17.5%. ஆறு மாதம் கழித்து முதல் கூட்டத்தில் ஆறு ஜோடிதான் பாக்கி, இரண்டாவதில் முப்பத்தேழு. ஏழாம் மாதச் சராசரி 8.5% ஆகிவிடும். யார் உடம்பிலும் எதுவும் மாறவில்லை! சீக்கிரம் தரிப்பவர்கள் கணக்கை விட்டுப் போய்விட்டார்கள், அவ்வளவுதான். இன்னும் தரிக்கவில்லை என்பது நீங்கள் எந்தக் கூட்டம் என்பதற்கு ஒரு தடயம் மட்டுமே, தீர்ப்பு அல்ல. "ஏதும் விசேஷம் உண்டா?" என்று மாதாமாதம் கேட்கும் உறவுக்காரர்களுக்கு இது புரிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

மாதக் கணக்கைவிட நாள் கணக்கு முக்கியம். அமெரிக்காவின் வட கரோலினாவில் 221 பெண்களிடம் தினமும் சிறுநீர் மாதிரி வாங்கி, ஹார்மோன் அளவை வைத்து முட்டை வெளிவரும் நாளைக் கணித்தார்கள் ஆய்வாளர் ஆலன் வில்காக்ஸ் குழுவினர். 1995-இல் வெளியான முடிவு இது: அந்த நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும்தான் கரு தரிக்கும் காலம். ஐந்து நாள் முன்பு சேர்ந்தால் சுமார் 10%, அன்றே என்றால் 33%. மறுநாள் சேர்ந்து தரித்தவர் யாருமில்லை. மாதவிடாய் தொடங்கியதிலிருந்து எண்ணும் 14-ஆம் நாளை மட்டும் நம்பிக் காத்திருக்காதீர்கள். இந்த ஆறு நாளும் சுழற்சியின் 10 முதல் 17-ஆம் நாளுக்குள் அடங்கியவர்கள் சுமார் 30% பேர்தான் என்று அதே குழு 2000-இல் எழுதியது. இரண்டு நாளுக்கு ஒருமுறை சேர்ந்தாலே போதும்.

உங்களுக்கு 35 வயதுக்குள் என்றால் ஒரு வருடம் பார்க்கலாம்; தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே டாக்டரிடம் போங்கள். மாதவிடாய் ஒழுங்காக வராவிட்டால் இப்போதே. வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள், விந்துப் பரிசோதனையை முதலிலேயே எடுத்துவிடலாம்.