வலியை முதலில் தமிழில் சொல்லச் சொல்லுங்கள்

தம்பி, தேவகோட்டையிலிருந்து லண்டன் ஈஸ்ட்ஹாம் வந்து மூன்று மாதம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வாடகை, அரிசி, அப்புறம் வீட்டில் அவர்களுக்குத் தாங்க முடியாத இடுப்பு வலி, டாக்டர் பாரசிட்டமால் கொடுத்து அனுப்பிவிட்டார், ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகையும் அரிசியும் உங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வலிக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. இடுப்பு வலியோடு தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர் போக முடியாமல் ஆனாலோ, கால்கள் வலுவிழந்தாலோ உடனே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு, இங்கே ஏ அண்ட் ஈ என்பார்கள், கூட்டிக்கொண்டு போங்கள். காலை வரை பொறுக்காதீர்கள். நெஞ்சை அடைத்தால் 999-க்குப் போன் போட்டு ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள். "வாய்வுதான்" என்று சுக்குத்தண்ணி வைத்துக்கொண்டு உட்காராதீர்கள்.

நான் பள்ளத்தூர்க்காரி. 1998-ல் வந்தேன். வந்த இரண்டாம் மாதமே வலது விலாவுக்குக் கீழே வலி. பத்துக்கு எத்தனை என்று டாக்டர் கேட்டார். பெரியவர்களிடம் புலம்பக்கூடாது என்று வளர்ந்தவள், மூன்று என்றேன். மாத்திரையோடு அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் நாள் ராத்திரி சுருண்டு விழுந்து ஆம்புலன்சில் போனேன். "ஆத்தா, ஆத்தா" என்று நான் முனகியதைக் கேட்டு ஒரு மலேசியத் தமிழ் நர்ஸ் கட்டிலருகே வந்து குனிந்தார். "குத்துதா, எரியுதா, பிசையுதா அக்கா?" அவ்வளவுதான், அழுதுவிட்டேன். "முறுக்கிப் பிழியுது, முதுகு வழியா தோள்பட்டைக்கு ஏறுது" என்றேன். அதை அவர் ஆங்கிலத்தில் சொன்னதும் டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பித்தப்பையில் கல்.

அதற்கப்புறம்தான் சொற்களைச் சேர்க்க ஆரம்பித்தேன். குத்துவது ஸ்டாபிங். விண் விண்ணென்று தெறிப்பது த்ராபிங். காந்துவது பர்னிங். சுரீரென்று காலுக்கு இறங்குவது ஷூட்டிங், இடுப்பு வலிக்கு இதை மறக்காமல் சொல்லவேண்டும். 1975-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்து ரொனால்ட் மெல்சாக் வலியைச் சொல்ல 78 சொற்களை 20 கூட்டமாகப் பிரித்துக் கேள்வித்தாளே வெளியிட்டிருக்கிறார். ஆனாலும் நம் 'குடைச்சலுக்கு' நேர் சொல் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை. 'மயக்கம்' என்பதிலும் கவனம் வேண்டும். தலை சுற்றியதா, நினைவு தப்பியதா என்று பிரித்துச் சொல்லுங்கள், இரண்டுக்கும் வைத்தியம் வேறு. எண் கேட்டால் எண்ணோடு நிறுத்தாதீர்கள். குனிந்து செருப்புப் போட முடியவில்லை, ராத்திரி மூன்று முறை எழுந்து உட்கார்ந்தேன் என்று சொல்லச் சொல்லுங்கள்.

இன்னொன்று. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். இங்கத்து அரசாங்க மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸில் அதற்குக் காசு கிடையாது. இருபது வருஷம் இங்கே இருக்கும் நம்மவர்கள் சிலர் அதைக் கேட்பது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளையை உட்கார வைத்து அம்மாவின் மாதவிலக்கு வலியைச் சொல்ல வைப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பொறுக்காது.

எங்கள் ஆயாவுக்கு, பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம், மூட்டுவலி வந்தால் வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் ஆத்தங்குடிக் கல் தரையில் காலை நீட்டிக்கொண்டு வைத்தியரிடம் சொல்வார்: "உள்ளுக்குள்ள நண்டு ஓடுற மாதிரி குறுகுறுங்குது, விடியக்காலம் அம்மிக்கல்லை ஏத்தின மாதிரி கனக்குது." கொண்டு விக்க, அதாவது வியாபாரத்துக்கு, பர்மா போன அய்யாவின் கணக்கைப் போல, வலிக்கும் அவரிடம் நாள் வாரியாகக் கணக்கு இருந்தது. வைத்தியர் அவசரப்படாமல், "எந்தப் பக்கம் ஆச்சி?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

உங்கள் வீட்டிலும் இன்று ராத்திரி அப்படியே கேளுங்கள் தம்பி. எங்கே, எப்போது, எப்படி என்று அவர்கள் வாயில் வருகிற சொல்லை மாற்றாமல் ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். ஆங்கிலத்தில் நான் எழுதித் தருகிறேன்.