கிறிஸ்தவ ஊழியத்தில் 'பணிவிடை செய்யும் தலைவர்' என்கிறார்களே, நிஜமாகவே அப்படி யாராவது இருந்தார்களா?

இருந்தார்கள். ஆனால் இயேசு சீஷர்களின் காலைக் கழுவியதை நினைத்து, பெரிய வியாழன் ஆராதனையில் குருவானவர் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுவதை வைத்து நான் யாரையும் அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். ஒரு நாள் குனிவது எளிது. மற்ற நாளெல்லாம் ஐயர் (சபைக் குருவானவர்) உட்கார்ந்திருக்க, அவருக்குக் கீழுள்ள ஊழியரான உபதேசியார் நின்றுகொண்டே பேசுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

எனக்குத் தெரிந்து அந்தப் பெயருக்குப் பொருந்துகிறவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-ல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் ஒரு கிராமக் குருவானவருக்குப் பிறந்தவர். ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் செயலாளராகத் தென்னிந்தியா முழுக்கச் சுற்றினார். 1902-ல் யாழ்ப்பாணம் போனபோது, அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே ஊழியர்களை வெளியே அனுப்புவதைப் பார்த்தார். மறு வருஷமே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. பணமும் ஆட்களும் நிர்வாகமும் நம்முடையவை. வெள்ளைக்காரர் காசு வேண்டாம் என்பது ஏற்பாடு.

சங்கம் தொடங்கியவர்கள் பொதுவாக மேடையிலேயே தங்கிவிடுவார்கள். இவர் 1909-ல், தாம் ஆள் அனுப்பிக்கொண்டிருந்த தோர்ணக்கல்லுக்குத் தாமே போனார். நிஜாம் ஆட்சிப் பகுதி அது, இன்றைய தெலங்கானா. முப்பத்தைந்து வயதில் தெலுங்கு படித்து, மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போனார். சபைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா மக்கள். ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள்.

ஞானஸ்நானம் பெறுகிறவர்களைத் தங்கள் தலையிலேயே கை வைத்து, "சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ" என்று சொல்ல வைப்பார். பவுல் அப்போஸ்தலனின் வார்த்தை அது. எழுதப் படிக்கத் தெரியாத கூலியாளும் அன்றிலிருந்து ஊழியப் பொறுப்புள்ளவர் ஆகிவிடுவார். கால் கழுவுவதைவிட இது பெரிய காரியம் என்பேன். காலைக் கழுவினாலும் அதிகாரம் கழுவியவரிடமேதான் இருக்கும். இங்கே அது கை மாறுகிறது.

தாழ்மை என்றால் வாய் மூடி இருப்பது என்று நினைத்துவிட வேண்டாம். 1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், கூடியிருந்த வெள்ளைக்கார மிஷனரிகளின் முகத்துக்கு நேரே பேசினார். உங்கள் சொத்தை ஏழைகளுக்குக் கொடுத்தீர்கள், சரீரத்தைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். நிறையப் பேருக்குக் கசந்தது. 1912 டிசம்பரில் கல்கத்தாவில் அவரை அத்தியட்சராக (பிஷப்பாக) அபிஷேகம் செய்ததற்கும் எதிர்ப்பு இருந்தது. ஓர் இந்தியரின் கீழ் ஐரோப்பியர் வேலை செய்வதா என்பதுதான் சிக்கல். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய அத்தியட்சர் அவர். பிறகு ஆங்கிலேய மிஷனரிகளும் அவர் கீழ் ஊழியம் செய்தார்கள்.

சரி, அப்பழுக்கில்லாத ஆளா? அப்படிச் சொல்ல மாட்டேன். ஒழுக்க விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பானவர். குடி, கடன், அழுக்கு என்று கிராமத்து வாழ்க்கையை மாற்றக் கிளம்பிய வேகத்தில் ஒரு தகப்பன் அதட்டல் இருந்தது. மதமாற்ற விஷயத்தில் காந்தியோடும் அவருக்கு ஒத்துப்போகவில்லை. ஒதுக்கப்பட்ட மக்களை மதம் மாற்றக் கூடாது என்பது காந்தியின் நிலை. காந்தி சொன்னதில் நியாயம் இருந்ததா என்று இன்றைக்கும் வாதம் நடக்கிறது. நான் அசரியா பக்கம்தான். இன்ன மதத்தில்தான் இருக்க வேண்டும் என்று ஒதுக்கப்பட்டவனுக்கு இன்னொருவர் முடிவு செய்துகொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.